பத்து நிமிஷ கிரீம்... பத்து மாசக் கறுப்பு!

மத்தியான நேரத்து அம்பர்நாத் லோக்கலில் லேடீஸ் டப்பாவில் ஏறினால், ரங்கநாதன் தெருவையே வளையத்தில் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கம்மல், கிளிப், நைட்டி, நெயில் பாலிஷ் எல்லாம் வரும். தாணே தாண்டிக் கூட்டம் கொஞ்சம் இறங்கியதும் பையிலிருந்து இன்னொரு சரக்கு வெளியே வரும்: முடி நீக்கும் கிரீம். கடை விலையில் பாதிதான். ரோஜாப்பூ போட்ட பெட்டிக்குள் ஒரு டியூபும் ஒரு பிளாஸ்டிக் கரண்டியும் இருக்கும். என்ன கலந்திருக்கிறது, எத்தனை நிமிஷம் வைக்கலாம் என்பதெல்லாம் எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். பூதக்கண்ணாடி தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரம். ‘இந்த கிரீம் போட்டு எரிந்தால் என்ன செய்வது என்று ஒரு கட்டுரை கொடுங்களேன்’ என்றார்கள் பத்திரிகையில். எரிச்சலுக்கு உண்டான வைத்தியத்தை நாலு வரியில் சொல்லிவிடலாம். அந்த நாலு வரிக்குப் பிறகு நம் வீடுகளில் நடப்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

அம்பர்நாத் கிழக்கில் ஒரு பழைய பில்டிங். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் பெண். பெயர் வேண்டாம் என்றாள். தாராவியில் பெரியப்பா மகள் கல்யாணம். முந்தின நாள் மத்தியானம் மேலுதட்டிலும் கைகளிலும் கிரீமைப் பூசிக்கொண்டு, போனில் தோழியோடு பேச உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு நீண்டது. கால் மணி நேரம் கழித்துத் துடைத்தபோது முடியோடு சேர்ந்து மேல்தோலும் வழன்று வந்திருக்கிறது.

“சித்தி, எரியுது சித்தி!”

“என்னத்தட்டி அள்ளிப் பூசின? மொதல்ல போய்க் கழுவு!”

“டிரம்முல அடியிலதான் கெடக்கு சித்தி. பைப்புல சாயங்காலந்தான வரும்?”

சித்தி அடுப்படிக்கும் பாத்ரூமுக்குமாக ஓடி, கடைசியில் டூத்பேஸ்ட்டை எடுத்து அப்பியிருக்கிறார். ஒரு நிமிஷம் குளுகுளு. அப்புறம் முன்பைவிட இரண்டு மடங்கு எரிச்சல். அவள் சித்தியிடம் சொல்லாத சேதி ஒன்றும் உண்டு. பருவுக்காக ஒரு மாதமாக ராத்திரியில் ஒரு ஜெல் தடவிக்கொண்டிருந்தாள். ரெட்டினாய்டு வகை ஜெல். அதைப் பூசுகிற தோலின் மேலடுக்கு மெலிந்திருக்கும். அப்படிப்பட்ட முகத்தில் இந்த கிரீம் படவே கூடாது. பெட்டியிலும் போட்டிருந்ததாம், அதே எறும்பு எழுத்தில்.

இந்த கிரீமுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? தாராவியில் பழைய ஆட்களைக் கேட்டால் வேதியியல் படிக்காமலே சொல்லிவிடுவார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து பம்பாய்க்கு வந்த முதல் தலைமுறையில் பலருக்குச் சோறு போட்டது தோல் பதனிடும் தொழில். ஆட்டுத்தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தொட்டியில் ஊறப்போடுவார்கள். முடி கூழாகிக் கழன்று வரும். தொட்டிக்குள் வெறுங்கையை விட்டு வேலை செய்தவர்களின் விரல் இடுக்குகளில் புண் ஆறியதே கிடையாது. ரோஜாப்பூ டியூபுக்குள் இருப்பதும் அந்தத் தொட்டியின் ஒன்றுவிட்ட சொந்தம்தான். சல்ஃபைடுக்குப் பதிலாகக் கால்சியம் தயோகிளைகோலேட் அல்லது பொட்டாசியம் தயோகிளைகோலேட். கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு. அழுகிய முட்டை வாடையை மறைக்கக் கொஞ்சம் சென்ட்.

நமக்கு இது புதிதும் அல்ல. சங்குப் பொடியையும் அரிதாரத்தையும் குழைத்து முடி நீக்கும் வழி சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. அரிதாரம் என்பது ஆர்சனிக் சேர்ந்த கனிமம். ‘இயற்கையான பாட்டி வைத்தியம்’ என்று புல்லரிப்பவர்கள் கவனிக்க.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கந்தக அணுக்கள் கைகோத்துப் பிடித்திருக்கின்றன. தயோகிளைகோலேட் அந்தப் பிடியை அவிழ்க்கிறது. காரம் முடியை ஊறவைத்து அதற்கு வழிவிடுகிறது. நம் மேல்தோலிலும் இருப்பது கெரட்டின்தான் என்பதுதான் சிக்கல். முடி எது, தோல் எது என்று கிரீமுக்குத் தெரியாது. முடி முதலில் கரைந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தோலின் பி.எச். அளவு சுமார் 5. இந்த கிரீம்களுக்கு 12-ஐ ஒட்டி வரும். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பதால் நடுவில் இருப்பது ஒரு கோடி மடங்கு வித்தியாசம்! ஐரோப்பாவில் இந்த கிரீம்களுக்குத் தயோகிளைகோலிக் அமிலம் 5 சதவீதம், பி.எச். 12.7 என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். வெந்நீரில் குளித்துவிட்டு வந்து பூசினாலோ, வேர்க்குரு மீது பூசினாலோ, முந்தின நாள் ஷேவ் செய்த இடத்தில் பூசினாலோ, குறித்த நேரத்துக்கு முன்பே தோல் தோற்றுவிடும்.

காரம் அமிலத்தைவிடப் பொல்லாதது. அமிலம் பட்டால் தோல் இறுகி ஒரு பொருக்கு மாதிரி நின்று, ஓரளவு தடுக்கும். காரம் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். ஆகவே முதல் வைத்தியம் பூசுவது அல்ல, எடுப்பது. மிச்சமிருக்கும் கிரீமை மெல்லிய துணியால் தேய்க்காமல் ஒற்றி வழித்துவிட வேண்டும். பிறகு தண்ணீர். ஓடும் தண்ணீர், குறைந்தது 20 நிமிஷம். ஐஸ் வேண்டாம். சோப்பும் வேண்டாம், அதுவும் காரம்தான்.

அம்பர்நாத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓடும் தண்ணீருக்கு எங்கே போவது? கோடையில் தண்ணீர் வெட்டு இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழாய் இல்லாவிட்டால் மக்கால் மொண்டு ஊற்றலாம். நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் என்று மெதுவாக ஊற்றினாலும் 20 நிமிஷத்துக்கு 40 லிட்டர். இரண்டு பெரிய பக்கெட். கையைப் பக்கெட்டுக்குள் முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பலன் இல்லை. கரைந்த காரம் அங்கேயேதான் நிற்கும், அது வழிந்து போக வேண்டும். டிரம் நிறைந்திருக்கும் நாளாகப் பார்த்துத்தான் இந்த டியூபின் மூடியையே திறக்க வேண்டும் என்பேன்.

கழுவி முடித்ததும் எலுமிச்சம்பழத்தைத் தேடாதீர்கள். ‘காரத்தை அமிலம் முறித்துவிடும்’ என்று பத்தாம் வகுப்புப் பாடத்தை நினைவில் வைத்திருக்கும் தம்பிகள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. முறிக்கும்தான், முறிக்கும்போது சூடும் பிறக்கும், வெந்த தோலில் புளிப்பும் ஏறும். மஞ்சள், டூத்பேஸ்ட், சென்ட் போட்ட பவுடர் எதுவும் ஆகாது. குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றலாம். வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை மெலிசாகப் பூசலாம். தொட்டியில் வளரும் கற்றாழைதான் என்றால், கீறியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்கக் கழுவிவிட்டு உள்ளிருக்கும் சதையை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பாலே சிலருக்கு அரிக்கும். கொப்புளத்தைக் குத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு அந்த இடத்தில் டியோடரன்ட், இறுக்கமான ஜாக்கெட், மீண்டும் கிரீம் எல்லாவற்றுக்கும் விடுமுறை.

கொப்புளம் பெரிதாக இருந்தாலும், முகமோ அந்தரங்க இடமோ வெந்திருந்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஒரு வாரம் காலை அகட்டி அகட்டி நடப்பவர்களில் அவர்கள்தான் அதிகம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இவ்வளவுதான் வைத்தியம். வாரம் பத்து நாளில் ஆறிவிடும். கல்லூரிப் பெண்ணுக்கும் ஆறியது. ஆறிய இடம் கறுத்தது.

நம் நிறத்துத் தோலின் சுபாவம் இது. காயம் பட்டால் மெலனின் கூடும். மேலுதட்டில் மீசை வரைந்த மாதிரி கறுப்பு. தானாகவே வெளுக்கும், ஆனால் மாதக் கணக்கில் ஆகும். வெயிலில் காட்டினால் இன்னும் தள்ளிப்போகும். சன் ஸ்கிரீனும் துப்பட்டாவும் பொறுமையும் போதும். இந்த மூன்றாவது சரக்குதான் கல்யாண வீட்டில் கிடைக்காது. “என்னட்டி மூஞ்சி இப்படிக் கறுத்துப் போச்சு?” என்று ஆளாளுக்குக் கேட்டால் அந்தப் பெண் எத்தனை நாள் தாங்குவாள்?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு டியூப் கொடுத்திருக்கிறார். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கியது. படர்தாமரைக்கு, அரிப்புக்கு, எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் அதுதான். உள்ளே இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. பூசியதும் சிவப்பும் அரிப்பும் மாயமாய் மறையும், நிறமும் தெளிந்த மாதிரி இருக்கும். வாரக்கணக்கில் பூசினால் தோல் காகிதமாகும், ரத்தக் குழாய் தெரியும், பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். அதனால் நிறுத்தவும் மாட்டார்கள். இன்னொன்றும் செய்யும்: முகத்தில் முடி வளர்க்கும். முடியை எடுக்கப் போய் இங்கே வந்து நிற்கிறோம். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்தப் பாதிப்புக்கென்றே ஒரு பெயர் வைத்து, பத்து வருஷத்துக்கும் மேலாக எழுதி வருகிறார்கள். 2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் அக்காவுக்குக் கிடைத்தது.

அதுவும் சரிப்படாமல் அந்தப் பெண் கடைசியாகப் போய் நின்றது ஒரு பார்லரில். அங்கே நீட்டியது லேபிள் இல்லாத ஒரு வெள்ளை டப்பா. “ஏழு நாள் ராத்திரி பூசு, எட்டாம் நாள் நீயே அசந்துபோவ!” ஏழு நாளில் கறுப்பை விரட்டும் வித்தை தெரிந்த பழைய சாமான் ஒன்று உண்டு. பாதரசம். மெலனின் உண்டாவதையே அது தடுத்துவிடும். தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் உட்காரும். நம் மகாராஷ்டிராவிலேயே, அகோலாவில், ஒரே வீட்டின் மூன்று பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, காரணம் அவர்கள் பூசிய சிவப்பழகு கிரீமின் பாதரசம் என்று தெரியவந்தது 2023-ல் பெரிய செய்தியானது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே ரகம். அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள்.

எல்லா டப்பாவிலும் பாதரசம் இருக்கிறதா? இல்லை. முடி நீக்கும் கிரீம் பூசும் எல்லோருக்கும் வேகிறதா? அதுவும் இல்லை. 24 மணி நேரத்துக்கு முன்பே கை மடிப்பில் துளி வைத்துப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்துத் துடைத்துவிடுகிறவர்கள் வருஷக் கணக்காக நிம்மதியாகப் பூசுகிறார்கள். நூலும் மெழுகும் பிளேடும் மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும். என் கவலை டியூப் அல்ல, டப்பா. இந்தியச் சட்டப்படி அழகுப் பொருளில் பாதரசம் சேர்க்கக் கூடாது. தெரியாமல் ஒட்டிக்கொண்டதற்குக்கூட, கண்ணுக்கு இடுவது தவிர, பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் வரம்பு. லேபிளே இல்லாத டப்பாவிடம் இந்தச் சட்டத்தை யார் வாசித்துக் காட்டுவது?

லேபிள் இருந்து, அதில் ‘தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்’ என்று எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தாலிச் சங்கிலியைப் பாதரசம் வெளுக்கடித்துவிடும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. கலோமல், மெர்க்குரி என்று தொடங்கும் எந்தப் பெயர் இருந்தாலும் அப்படியே. ஏற்கெனவே பெயர் தெரியாத கிரீமைப் பூசிக்கொண்டிருப்பவர்களுக்குக் கால் வீங்கினாலோ, காலையில் முகம் உப்பினாலோ, சிறுநீர் சோப்பு நுரை மாதிரி நுரைத்து அடங்காமல் நின்றாலோ, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். பெரிய செலவு இல்லை, எந்த லேப்பிலும் செய்வார்கள். டாக்டரிடம் போகும்போது வெட்கப்படாமல் அந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காலி டப்பாவாக இருந்தாலும் பரவாயில்லை.