கேட்டால் காட்ட வேண்டிய கணக்கு

"பக்கத்து ஊருக்கு நெல் காப்பீட்டுப் பணம் வந்துவிட்டது, எங்கள் ஊருக்கு வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால் மேலே கேளுங்கள் என்கிறார்கள்." இந்தக் கேள்வி எழாத விவசாயிகள் கூட்டத்தை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

நெல்லுக்கான இழப்பீடு பெரும்பாலும் உங்கள் வயலைத் தனியாகப் பார்த்து முடிவாவதில்லை. ஊரில் தேர்வான சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதன் சராசரி உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால்தான் பணம். அந்தப் பரிசோதனைக் கணக்கு அரசு ஆவணம். அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டம் தந்த உரிமை இது. ராஜஸ்தானில் கூலித் தொழிலாளர்கள், தங்கள் பெயரில் பொய்க்கணக்கு எழுதப்பட்ட வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கேட்டுப் போராடியதில் முளைத்த சட்டம்.

விதை விஷயத்திலும் இது பயன்பட்டது. பி.டி. கத்தரிக்காய் பாதுகாப்பானதா என்று எலி முதலான விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்த விவரங்களை 2006-ல் கேட்டார்கள். கம்பெனியின் வியாபார ரகசியம் என்று மத்திய அரசுத் துறை மறுத்தது. வெளியிடச் சொன்னது மத்தியத் தகவல் ஆணையம். கம்பெனி நீதிமன்றம் போனது. கடைசியில் 2008-ல் விவரங்கள் வெளிவந்தன. வெளியிலிருந்த விஞ்ஞானிகள் அவற்றைப் படித்துக் குறைகளை எழுதினார்கள். 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியும், ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9-ல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். பி.டி. நல்லதா கெட்டதா என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். சாப்பிடப் போகிறவனுக்குச் சோதனை முடிவைக் காட்ட மாட்டேன் என்பதை மட்டும் ஏற்க முடியாது.

இனி உங்கள் மனு. பலர் சறுக்குவது கேள்வியில்தான். "எனக்கு ஏன் பணம் தரவில்லை?" என்று எழுதினால், அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: "இன்ன வருவாய் கிராமத்தில், இன்ன ஆண்டு சம்பா நெல்லுக்கு நடந்த அறுவடைப் பரிசோதனைகளின் தேதி, புல எண், எடை, சராசரி மகசூல், உத்தரவாத மகசூல் ஆகியவை உள்ள பதிவுகளின் நகல் தரவும்." புல எண் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், ஊர், பருவம், ஆண்டு இருந்தால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. யாராவது கேட்டாலும் சொல்லாதீர்கள்.

வேளாண்மைத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. தகவல் வேறு துறையில் இருந்தால், 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். உங்களை அலையவிடக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள உதவுவதும் அந்த அலுவலரின் கடமை. எங்கள் ஆட்களுக்கே இது பலருக்கு நினைவிருப்பதில்லை.

30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதிலும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். மனுவின் நகலையும் தபால் ரசீதையும் சிட்டா, அடங்கல் வைத்திருக்கும் அதே பையில் போட்டு வையுங்கள்.