கடைமடையும் சமூகவியலும்

சமூகவியல் என்றதும், அது பட்டணத்துக் கல்லூரிகளில் பயிலும் மாணவர்க்குரிய பாடம் என்று எண்ணுவோர் பலர். மக்கள் கூடி வாழ்கையில் அவர்களிடையே ஏற்படும் உறவுகளையும், அவ்வுறவுகள் ஒவ்வொருவருடைய நடத்தையையும் எங்ஙனம் உருவாக்குகின்றன என்பதையும் ஆராயும் துறையே அது. ஊர்க் காரியங்களை நடத்தும் பஞ்சாயத்து உறுப்பினர்க்கு அது எவ்வாறு துணை செய்யும் என்பதை, ஆற்றுப் பாசன ஊர்களில் அடிக்கடி கேட்கும் ஒரு குறையைக் கொண்டு விளக்குவோம்.

கால்வாயில் தூர் எடுக்க வேண்டும். ஊரார் கூடி முடிவு செய்கின்றனர். குறித்த நாளில் வருவோர் சிலரே. உடனே, "அந்தத் தெருக்காரர்களுக்கு ஊர்ப்பற்று இல்லை, சோம்பல் அவர்களோடு பிறந்தது" என்று பழி எழுகிறது. இப்பழியைச் சொல்லுமுன் வராதவர்களுடைய வயல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது; ஏனையவை அதனினும் பழமையானவை. கார், பிசானம் என இரு போகம் விளையும் பள்ளத்தாக்கு இது எனப் புகழ்கிறோம். ஆயினும் நீர் குறைந்த ஆண்டில் தலைமடையில் கார் தேறும். கடைமடையில் விதைப்பதே துணிகரமான செயலாகும். தலைமடை உழவருக்கு மண் தூர்ந்து கிடந்தாலும் நீர் வந்துவிடுகிறது. ஆகவே அவர் மண்வெட்டியை எடுப்பதில்லை. கடைமடை உழவருக்கோ தூர் எடுத்தாலும் நீர் வரும் என்ற உறுதி இல்லை. அவரும் வருவதில்லை. இருவரும் வராமைக்குக் காரணங்கள் நேர்மாறானவை. இருவரையும் சோம்பேறிகள் என்று ஒரே சொல்லால் அடக்கிவிட்டால் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது.

அமெரிக்க நாட்டு அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய நூலொன்றில் இவ்வேறுபாட்டையே வேறு வகையில் கூறினார். ஒரு பெரு நகரில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையெனில் அவருடைய திறமையையும் குணத்தையும் ஆராயலாம். நாடு முழுவதும் இலட்சக்கணக்கானோருக்கு வேலை இல்லையெனில் நாட்டின் அமைப்பையே ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. நம் ஊருக்கும் இது பொருந்தும். ஒரு வீட்டார் மட்டும் வரவில்லையெனில் அது அவ்வீட்டாரைப் பற்றியது. ஒரு தெருவே வரவில்லையெனில் தெருவாரின் குணத்தைப் பேசிப் பயனில்லை.

ஆந்திரத்துக் கர்னூல் மாவட்டக் கால்வாய் ஊர்களை ஆராய்ந்த இராபர்ட் வேட் என்பார் 1988இல் வெளியிட்ட நூல் இங்கே கருதத்தக்கது. கால்வாயின் கடைப்பகுதியை ஒட்டிய ஊர்கள் பலவற்றில் ஊரார் பொது நிதி திரட்டி, நீர் பாய்ச்சுவதற்கென்று ஆட்களை அமர்த்தி, கட்டுப்பாட்டுடன் நீரைப் பகிர்ந்தனர். நீர் தாராளமாகக் கிடைத்த தலைப்பகுதி ஊர்களில் அத்தகைய ஏற்பாடு அரிதாகவே இருந்தது. கடைமடை மக்கள் இயல்பாகவே ஒற்றுமை உடையவர் என்பது இதன் பொருளன்று. ஒன்றுபட்டால் நீர் கிடைக்கும் என்று கணக்குத் தெளிவாக இருந்த இடத்தில் அவர்கள் ஒன்றுபட்டனர்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு நெல்லைச் சீமையே பழைய களம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, 1916ஆம் ஆண்டளவில் தம் மாணவர்களைக் கொண்டு தென்னாட்டுக் கிராமங்களை ஆராயச் செய்தார். 1918இல் நூலாக வந்த அத்தொகுப்பில், திருநெல்வேலிக்கு வடக்கே சிற்றாற்றங்கரையிலுள்ள கங்கைகொண்டானும் ஒன்று. பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் மேற்கொண்ட மறு ஆய்வு 1940இல் வெளிவந்தது. 1980களில் மீண்டும் அவ்வூர் ஆராயப்பட்டது. நிலம் யாரிடம் உள்ளது, கடன் எங்கிருந்து வருகிறது, கூலி எவ்வாறு அளக்கப்படுகிறது என்பவற்றைத் தலைமுறை தோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு மிகச் சில ஊர்களுக்கே கிட்டியது. இன்று அங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. 1916இல் வயலைத் தவிர வேறு பிழைப்பு அரிதாயிருந்த குடும்பத்தின் கொள்ளுப்பேரர், நிலமுடையவரிடம் பேசும் முறையும் வேறாகத்தானே இருக்கும்!

கிராம சபைக்கும் இதே கண்ணோட்டம் தேவை. கூட்டத்தில் சிலர் வாய் திறப்பதே இல்லை. "அவர்களுக்கு விவரம் போதாது" என்று எளிதில் முடிவு கட்டுகிறோம். தலைவரின் வயலில் கூலி வேலை பார்ப்பவர், அவரிடமே கடன் பெற்றவர், நாளை அவர் தெரு வழியே நடக்க வேண்டியவர், அத்தலைவரின் கணக்கை எவ்வாறு எழுந்து நின்று கேட்பார்? தாழ்த்தப்பட்ட மக்களின் தெருவிலிருந்து வரும் பெண்களுக்கு இத்தடை இரட்டிப்பாகிறது. பெண்களுக்கு ஊராட்சிப் பதவிகளில் 50 சதவிகித இட ஒதுக்கீடு 2016இல் சட்டமாயிற்று. இருக்கை கிடைத்ததனால் மட்டும் பேச்சுரிமை வந்துவிட்டதாகக் கொள்ளுதல் தவறு. அவர் எங்கே அமர்கிறார், அவர் பேசுகையில் எவர் குறுக்கிடுகிறார் என்பதையும் கவனித்தல் வேண்டும்.

2022 முதல் தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடத்த ஏற்பாடு உள்ளது. அவற்றுள் நவம்பர் 1ஆம் நாள் பிசான நடவுக் காலத்தில் வருகிறது. அக்டோபர் 2 பல ஊர்களில் கார் அறுவடையை ஒட்டி வருகிறது. நாளை நாம் மாற்ற இயலாது. நேரத்தையும் இடத்தையும் ஊரே தீர்மானிக்கலாம். அறிவிப்பு எழுதுமுன், அன்று வயலுக்குச் செல்வோர் எத்தனை பேர், எப்பொழுது கரையேறுவர், எந்த இடமானால் எல்லாத் தெருவினரும் கூசாமல் வந்து அமர்வர் என்று ஒவ்வொரு தெருவிலும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். தூர் எடுக்கும் பட்டியலுக்கும் அதே ஏட்டில் மற்றொரு பக்கம் ஒதுக்கி, வராதவர் பெயருக்கு நேரே அவருடைய மடையையும், சென்ற ஆண்டு அங்கே நீர் எட்டிய நாட்களையும் குறித்துவரலாம்.