வாடி நிற்கும் குஞ்சு: காரணத்தை அறிவது எங்ஙனம்?

கோழிக்குஞ்சு நோயுற்றால் அது காட்டும் குறிகள் மிகச் சிலவே. செட்டைகளைத் தொங்கவிடும், இறகைச் சிலிர்த்து உருண்டையாகக் குறுகி நிற்கும், கண்ணை மூடித் தூங்கி விழும், தாய் கொக்கரித்து அழைத்தாலும் இரைக்கு ஓடி வராது. குளிர் பிடித்த குஞ்சும் இவ்வாறே நிற்கும். பட்டினி கிடந்த குஞ்சும், குடலிற் கிருமி கொண்ட குஞ்சும், உண்ணி இரத்தத்தை உறிஞ்சிய குஞ்சும் இவ்வாறே நிற்கும். ஆதலால் நிற்கும் நிலையைக் கொண்டு மட்டும் இன்ன நோய் என்று துணிதல் இயலாது. ஆயினும் கோழி வளர்ப்போரிற் பலர் குஞ்சு வாடியவுடன் முதலிலே மருந்தைத் தேடுகின்றனர். காரணத்தைப் பின்னரே தேடுகின்றனர். இவ்வொழுங்கு தலைகீழானது.

மார்கழி மழையிலே யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடொன்றில் நிகழ்வதைக் கருதுக. கார்த்திகைக் கடைசியில் ஊர்க்கோழி ஒன்று 12 குஞ்சு பொரித்தது. பருந்துக்கும் கீரிக்கும் தப்பியவை 11. இவற்றுட் பேடுகள் ஐந்தோ ஆறோ தேறினால், ஆடி மாதம் தொடக்கம் பிள்ளைகளுக்கு முட்டையும், மிஞ்சியதை விற்றுக் கொப்பி வாங்கப் பணமும் கிடைக்கும் என்பது வீட்டுக்காரியின் கணக்கு. 26ஆம் நாட் காலையில் ஒரு குஞ்சு கடகத்தின் கீழிருந்து வெளியே வரவில்லை. ஆச்சி சின்ன வெங்காயத்தையும் மிளகையும் இடித்து அதன் வாயில் ஊட்டுகிறார். மாலையிலே கடையிலிருந்து பூச்சிமருந்து வருகிறது. மறுநாள் மூன்று குஞ்சுகள் குறுகி நிற்கின்றன; கீழே விரித்த சாக்கில் இரத்தம் கலந்த எச்சம் காணப்படுகிறது. ஒரு நாள் வீணாகி விட்டது. இந்நோயிலே ஒரு நாள் என்பது பெரிது.

வெங்காயம் தீங்கு செய்யவில்லை. பூச்சிமருந்தும் பெருந் தீங்கு செய்யவில்லை. அவை உரிய கேள்விக்கு விடையாகவில்லை, அவ்வளவே. முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, குஞ்சு பொரித்து எத்தனை நாளாயிற்று என்பதாகும். குஞ்சின் வயதை நாட்கணக்கில் அறிந்தவர் நோயைப் பாதி அறிந்தவராவார். பொரித்த நாளைச் சுவர்க் கலண்டரிற் குறித்து வைத்தல் ஒரு மருந்துப் போத்தலைக் காட்டிலும் பயன் தரும்.

முதல் வாரத்தில் வாடும் குஞ்சு பெரும்பாலும் குளிராலோ, தண்ணீர் காணாமையாலோ, தொப்புளின் வழியாகப் புகுந்த கிருமியாலோ வாடுகிறது. பொரித்த குஞ்சின் வயிற்றினுள்ளே மஞ்சட்கரு மிஞ்சியிருப்பதால் இரண்டு மூன்று நாட்கள் இரையின்றியும் அது தாங்கும். அதன் பின்னரும் இரை பொறுக்கக் கற்காத குஞ்சு சோர்ந்துவிடும். தாயின்றி வளர்க்கப்படும் குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஏறக்குறைய 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பின் வாரந்தோறும் மூன்று பாகை குறைக்கலாம். வெப்பமானியை விடக் குஞ்சுகளே நன்கு அளந்து காட்டும்: விளக்கின் கீழ் நெருங்கிக் குவிந்தால் குளிர்; செட்டையை விரித்து வாய் திறந்து ஓரமாக ஒதுங்கினால் வெக்கை; பரந்து கிடந்து உறங்கினால் அளவு சரி. தொப்புள் ஈரமாக, கருநிறமாக, வயிறு ஊதிய குஞ்சு பிழைப்பது அரிது. அதற்குக் காரணம் அடைவைத்த முட்டையின் அழுக்கிலும் அடைப்பெட்டியின் அழுக்கிலும் உண்டு. அடுத்த அடைக்கு அதனைத் திருத்துதலே வழி.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் எச்சவாயைச் சூழ வெள்ளைப் பசைபோல் எச்சம் ஒட்டி, குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறந்தால், முட்டையின் வழியே தாயிடமிருந்து வரும் புல்லோரம் என்னும் நோயை ஐயுற வேண்டும். குளிர் பட்ட குஞ்சுக்கும் எச்சவாய் அடைபடுவதுண்டு. வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து வெப்பம் கொடுக்க, அது தேறிவிடும். தேறாது பல குஞ்சுகள் இறப்பின், தாய்க்கோழிகளைச் சோதிப்பிக்க வேண்டும். பிழைத்தவை நோயைச் சுமந்து திரியும்.

மூன்று தொடக்கம் ஆறு வாரம் வரையுள்ள குஞ்சு மழைக்காலத்தில் வாடினால், முதலில் நினைக்க வேண்டியது கொக்சீடியா என்னும் நுண்ணுயிரால் உண்டாகும் இரத்தக்கழிச்சலையே. மேற்கூறிய வீட்டிற் கண்டது இதுவே. இந்நோய் நிகழும் விதத்தைச் சிறிது விரித்துக் கூறுதல் தகும். ஏனெனில் விதத்தை அறிந்தவர் மருந்தில்லாமலே பாதியைத் தடுத்துக் கொள்வர்.

வளர்ந்த கோழி இக்கிருமியைக் குடலிற் கொண்டிருந்தும் நோயின்றித் திரியும். அதன் எச்சத்தோடு கண்ணுக்குப் புலப்படாத முட்டை போன்ற கூடுகள் வெளிவருகின்றன. வெளிவந்தவுடன் இவை நோய் தரமாட்டா. ஈரமும் சூடும் உள்ள இடத்தில் ஒன்றிரண்டு நாட் கிடந்த பின்னரே நோய் தரும் பக்குவம் அடைகின்றன. நனைந்த உமியும், தண்ணீர்ச் சிரட்டையைச் சுற்றிய சேறும், மழையில் ஊறிய சாக்கும் இவை பழுப்பதற்கு ஏற்ற இடங்கள். குஞ்சு இரையோடு சேர்த்து இவற்றைக் கொத்தி விழுங்குகிறது. விழுங்கி நாலைந்து நாளில் குருட்டுக்குடலின் சுவர் சிதைந்து இரத்தம் கசிகிறது. ஐந்தாம் ஆறாம் நாட்களிற் சாவு நிகழ்கிறது. அதனைத் தாண்டி எட்டாம் நாள் கண்ட குஞ்சு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆயினும் உடல் தேறப் பல நாட் செல்லும். பொரித்த பத்து நாளுக்குள் இந்நோயைக் காண்பது அரிதென்பதற்குக் காரணமும் இந்த நாட்கணக்கே.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாதெனில், இன்றைய எச்சம் இன்று தீங்கு செய்யாது. நாளையோ நாளை மறுநாளோ செய்யும். ஆகவே நாடோறும் காலையில் எச்சத்தை அள்ளி அப்புறப்படுத்தி, சாக்கை வெயிலிற் காயவிட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தைக் குஞ்சுகள் மிதிக்காதவாறு செங்கல்லின் மேலோ கம்பிவலைச் சட்டத்தின் மேலோ வைத்தாற் சங்கிலி அறுந்துவிடும். பினைல் தெளித்தால் எல்லாக் கிருமியும் ஒழியும் என்று நம்புதல் தவறு. சாதாரண கிருமிநாசினிகளுக்கு இக்கூடுகள் அசைவதில்லை. உலர்ச்சியும் கொதிநீரும் கடும் வெயிலுமே இவற்றுக்குப் பகை.

எச்சத்தில் இரத்தம் இல்லை என்பதால் இந்நோய் இல்லை என்று கொள்ளலாகாது. இக்கிருமியில் வேறு இனங்கள் சிறுகுடலைத் தாக்கும். அப்போது எச்சம் நீர்த்தோ சளிபோன்றோ போகும். குஞ்சு இரத்தம் காட்டாமலே மெலிந்து வெளிறும்.

குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்வாரும் உளர். கையில் எடுக்க வேண்டும். கழுத்தின் அடியிலுள்ள இரைப்பையைத் தடவினால் அது தின்றதா என்பது தெரியும். நெஞ்செலும்பு கத்திபோற் கூர்மையாகத் தட்டுப்பட்டால் நோய் நேற்று வந்ததன்று. பல நாட்களாக மெலிந்து வந்திருக்கிறது. கொண்டையும் வாயின் உட்புறமும் வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்துள்ளது. செட்டையின் கீழும் எச்சவாயைச் சுற்றியும் பேன் உண்டா என்று இறகை விலக்கிப் பார்க்க வேண்டும். செவ்வுண்ணி பகலிற் கூட்டின் வெடிப்புகளில் மறைந்திருந்து இரவிலே வந்து குடிப்பதாகையால், இரவில் விளக்குடன் பார்த்தாலன்றி அகப்படாது. முகத்திலும் வாயிலும் அம்மைக் கொப்புளம் உண்டா என்பதையும் நோக்குக. வட்டப்புழுவைப் பற்றிய பயமே ஊரிற் பெரிது. ஆனால் அப்புழு முட்டையிலிருந்து முதிர்ந்து தானும் முட்டையிட ஐந்து வாரத்துக்கு மேற் செல்லும். நாலு வாரமும் நிரம்பாத குஞ்சுக்கு முதல் மருந்தாகப் பூச்சிமருந்தைக் கொடுப்பது பொருந்தாது.

இரத்தக்கழிச்சல் என்று கண்டால் நோயுற்ற குஞ்சுக்கு மட்டுமன்றிக் கூட்டத்திலுள்ள எல்லாக் குஞ்சுகளுக்கும் அன்றே மருந்து கொடுக்க வேண்டும். ஏனையவையும் அதே சாக்கிற் கொத்தியவையே. கால்நடை வைத்தியர் வழக்கமாகக் கொடுப்பது அம்புரோலியம். 20 வீதத் தூளாயின் 1 இலீற்றர் தண்ணீருக்கு 0.6 கிராம், கடுமையாக இருப்பின் 1.2 கிராம், 3 தொடக்கம் 5 நாள்வரை, பின்னர் 0.3 கிராமாகக் குறைத்து ஒன்று அல்லது இரண்டு வாரம். பொதியின் வீதம் வேறாயின் அளவும் வேறாகும். வைத்தியரைக் கேட்டே கலக்க வேண்டும். அரைக் கிராமை வீட்டில் நிறுக்க முடியாதவர், 6 கிராமை 1 இலீற்றரிற் கரைத்து, அக்கரைசலில் 100 மில்லிலீற்றரை எடுத்து 900 மில்லிலீற்றர் தண்ணீருடன் சேர்த்தால் முதலிற் கூறிய அளவு கிடைக்கும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காது புதிதாகக் கலக்குக. அந்நாட்களில் வேறு தண்ணீர் வைக்கலாகாது. தானாகக் குடிக்க இயலாத குஞ்சின் அலகைத் தண்ணீரில் மெல்லத் தோய்த்துக் குடிப்பிக்க வேண்டும்.

இவ்விடத்து ஒரு எச்சரிக்கை. அம்புரோலியம் விற்றமின் பீ 1ஐப் போன்ற உருவுடையது. கிருமி அதனை விற்றமின் என மயங்கி உட்கொண்டு பட்டினியாற் சாகிறது. குஞ்சு பலவீனமாக இருக்கிறதே என்று இரங்கி அதே நாட்களில் விற்றமின் பீ மருந்தையும் ஊற்றினால் கிருமிக்கும் உணவு கிடைத்து விடும். விற்றமினை மருந்து முடிந்தபின் கொடுக்கலாம்.

மருந்துக்கு இரண்டு மூன்று நாளிலும் இணங்காது சாவு தொடர்ந்தால், நோய் வேறு எனக் கொள்ள வேண்டும். இதே வயதில் வெண்ணிறமாக நீர்த்துக் கழிந்து திடீரென வீழ்வது கம்போறோ நோயாகலாம். 1962இல் அமெரிக்காவின் தெலவேயர் மாநிலத்துக் கம்போறோ என்னும் இடத்தையொட்டி இது முதலில் விவரிக்கப்பட்டது. பச்சை நிறக் கழிச்சலும், மூச்சுத் திணறலும், கழுத்துத் திருகலும் கண்டு பெரியவையும் சிறியவையும் ஒருங்கே சாகுமாயின் இராணிக்கேத்து நோயை ஐயுறுக. இவ்விரண்டுக்கும் மருந்தில்லை, உரிய காலத்தில் ஏற்றும் தடுப்பு மருந்தே உண்டு.

நோயே இன்றித் தீனின் குறையாலும் குஞ்சு கால் சோரும். டச்சு வைத்தியர் எயிக்மான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாவகத்தின் பத்தேவியா நகரில், தவிடு நீக்கிய வெள்ளையரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காது வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுக்க எழுவதையும் கண்டார். விற்றமின் ஆராய்ச்சிக்கு வழி திறந்த அவருக்கு 1929இல் நோபெற் பரிசு கிடைத்தது. வெள்ளைக் குறுணலும் சோறும் மட்டுமே தின்னும் குஞ்சுகளின் நிலை இன்றும் அதுவே. கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு முழந்தாளிற் குந்தினால் அது விற்றமின் பீ 2இன் குறை. தொடக்கத்திற் கொடுத்தால் நிமிரும். தவிடும், கறையானும், முருங்கையிலையும், இயலுமாயின் குஞ்சுத்தீனும் சேர்க்க. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடப்பது வேறு: ஆறு வாரத்துக்கு மேற்பட்ட குஞ்சில் அது பெரும்பாலும் மறெக் நோய். 1907இல் அங்கேரிய மிருக வைத்தியர் மறெக் விவரித்த இந்நோய்க்குப் பொரித்த நாளிலேயே தடுப்பு மருந்து ஏற்றப்படும், வந்தபின் தீர்வதில்லை.

குஞ்சு இறந்துவிட்டால் அதனை வேலிக்கு வெளியே எறிதல் வேண்டா. அதன் வயிற்றினுள்ளே காரணம் எழுதப்பட்டிருக்கிறது. குருட்டுக்குடல் இரண்டும் இரத்தத்தால் ஊதிக் கருத்திருப்பதைக் கால்நடை வைத்தியர் ஒரு நிமிடத்திற் காண்பார். இறந்ததைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, பனிக்கட்டியோடு அன்றே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு செல்க. உறைய வைத்தல் ஆகாது. சாகும் தறுவாயிலுள்ள குஞ்சொன்றையும் உடன் கொண்டு செல்வது இன்னும் நன்று. பொரித்த நாள், வாடியவை எத்தனை, இறந்தவை எத்தனை, என்ன தீன், என்ன மருந்து எந்நாளிற் கொடுக்கப்பட்டது என்பவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க.