கைபேசிக்குள் வளரும் நட்பு: இந்திய இளைஞர்கள் தோழமையை எப்படிப் பார்க்கிறார்கள்?

ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இந்தியாவில் நண்பர்கள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஜூலை 30-ஆம் தேதியைச் சர்வதேச நட்பு தினமாக ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2011-இல் அறிவித்தபோதிலும், நம் கல்லூரி வளாகங்களில் ஆகஸ்ட் ஞாயிறே நிலைத்துவிட்டது. முன்பெல்லாம் அந்நாளையொட்டி மணிக்கட்டு நிறைய வண்ணப் பட்டைகளைக் கட்டிக்கொண்ட மாணவர்கள், இப்போது நண்பர்களுடன் எடுத்த படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலும் பகிர்கின்றனர். 24 மணி நேரத்தில் அவை தாமாகவே மறைந்துவிடுகின்றன. நட்பும் அவ்வாறே நிலையற்றதாகிவிட்டதா என்ற கேள்வி பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் எழுகிறது. ஆனால், கிடைத்துள்ள தரவுகள் இதற்கு ஒற்றை வரியில் விடை கூற இடமளிப்பதில்லை.

ஆர்குட்டில் தொடங்கிய மாற்றம்

2004-இல் அறிமுகமான ஆர்குட் தளத்தின் வாயிலாகவே இந்திய நகர்ப்புற இளைஞர்களில் பலர் இணைய நட்பை முதன்முதலாக அறிந்தனர். 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி அத்தளம் மூடப்படுவதற்கு முன்பே அதன் இடத்தை ஃபேஸ்புக் பிடித்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ தனது சேவையைத் தொடங்கிய பின் டேட்டா கட்டணம் வெகுவாகக் குறைந்தது. அதுவரை மாநகரங்களின் வழக்கமாக இருந்த இணைய நட்பு சிற்றூர்களுக்கும் பரவியது.

இதன் வீச்சை, பிரதம் தொண்டு நிறுவனம் வெளியிட்ட 2023-ஆம் ஆண்டு அசர் அறிக்கை எடுத்துக்காட்டுகிறது. 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில், 14 முதல் 18 வயதுக்குட்பட்ட 34,745 பேரிடம் இந்த ஆய்வு நடத்தப்பட்டது. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தியிருந்தனர். பள்ளி முடிந்ததும் பிரிந்து செல்லும் நண்பர்கள் இன்று முற்றிலும் பிரிந்துவிடுவதில்லை என்பதை இதிலிருந்து உணரலாம். கோட்டாவில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பீகார் மாணவரும், பெங்களூருவில் வேலை தேடும் ஒடிசா இளைஞரும் ஊர் நண்பர்களுடன் அன்றாடம் பேசிக்கொள்ள முடிகிறது.

பட்டியலில் ஆயிரம், மனதில் சிலர்

ஒருவரைப் பின்தொடர்வோர் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். எனினும், மனிதர் ஒருவரால் ஏறத்தாழ 150 பேருடன் மட்டுமே பொருளுள்ள உறவைப் பேண முடியும் என்று பிரிட்டன் மானுடவியலாளர் ராபின் டன்பர் 1990-களில் கணித்தார். அவர்களிலும் மிக நெருக்கமானவர்கள் ஐந்து பேர் அளவிலேயே இருப்பர் என்பது அவரது கருத்து.

இளைஞர்களும் இந்த வேறுபாட்டை அறிந்தே செயல்படுகின்றனர். அனைவருக்குமான ஒரு கணக்கையும், சில நண்பர்களுக்கு மட்டுமான மற்றொரு கணக்கையும் பலர் வைத்துள்ளனர். தேர்ந்தெடுத்த சிலர் மட்டும் பதிவைக் காணும் வகையில், 2018-இல் இன்ஸ்டாகிராம் 'நெருங்கிய நண்பர்கள்' வசதியை அறிமுகப்படுத்தியது. அந்தப் பட்டியலில் இடம்பெறுவதும் அதிலிருந்து நீக்கப்படுவதும் இன்றைய இளையோரிடையே உறவின் ஆழத்தைக் காட்டும் அடையாளங்களாகிவிட்டன.

நெருக்கத்துக்கு நேரமும் தேவைப்படுகிறது. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது என அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டார். ஒரு விருப்பக் குறியை இடுவதற்கு ஒரு நொடி போதும்; அதனால் மட்டும் அந்த மணிக்கணக்கு நிறைந்துவிடாது.

நட்பே சுமையாகும்போது

செயலிகளின் அமைப்பும் நட்பின் இலக்கணத்தை மாற்றுகிறது. ஸ்னாப்சாட்டில் இருவர் தொடர்ந்து தினமும் படம் அனுப்பிக்கொண்டால் 'ஸ்ட்ரீக்' எண்ணிக்கை உயரும். ஒரு நாள் தவறினால் அறுந்துவிடும். தேர்வு நாளிலும் அதைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடி உருவாகிறது. வாட்ஸ்அப்பின் நீல நிறக் குறி, செய்தி படிக்கப்பட்டதை அனுப்பியவருக்குத் தெரிவித்துவிடுகிறது. பதில் தாமதமானால் அது புறக்கணிப்பாகப் பொருள்கொள்ளப்படுகிறது. தான் அழைக்கப்படாத சந்திப்பின் படங்களைக் காண்பது மற்றொரு வேதனை.

இத்தனை தொடர்புகளுக்கு இடையிலும் தனிமை குறைந்தபாடில்லை. உலகில் ஆறில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார அமைப்பின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 13 முதல் 29 வயதுக்குட்பட்டோரில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையை உணர்வதாகவும், பதின்பருவத்தினரிடம் இது மிக அதிகம் என்றும் அதில் குறிப்பிடப்பட்டுள்ளது. இதற்குக் கைபேசி மட்டுமே காரணம் என்று அறிக்கை கூறவில்லை. உடல்நலக் குறைவு, வறுமை, தனித்து வாழ்தல் போன்றவற்றையும் அது காரணங்களாகச் சுட்டுகிறது.

யாருடைய கைபேசி?

இந்தியாவில் இணைய நட்பு அனைவருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த ஊரக ஆண்களில் 43.7 சதவீதம் பேரிடம் சொந்தக் கைபேசி இருக்க, பெண்களில் 19.8 சதவீதத்தினரிடம் மட்டுமே அது உள்ளது என்கிறது அசர் 2023 அறிக்கை. மற்ற பெண்கள் தந்தையின் கைபேசியையோ சகோதரரின் கைபேசியையோ நம்பியிருக்க வேண்டியுள்ளது. தோழிக்கு அனுப்பும் செய்தியை வீட்டார் படிக்கக்கூடும் என்ற நிலையில் மனம்விட்டுப் பேச இயலாது. பள்ளிப்படிப்பை நிறுத்தியவர்களுக்கும், திருமணமாகி வேற்றூருக்குச் செல்பவர்களுக்கும் கைபேசி இல்லையெனில் பழைய தோழமையே அற்றுப்போகிறது. மாநகர இளைஞருக்குச் சில வேளைகளில் சுமையாகத் தோன்றும் அதே திரை, சிற்றூர்ப் பெண்ணுக்கு எட்டாத சாளரமாக இருக்கிறது.

பாதுகாப்பும் சட்டமும்

2024-ஆம் ஆண்டு அசர் அறிக்கையின்படி, சமூக ஊடகங்களைப் பயன்படுத்திய 14 முதல் 16 வயதினரில் 62 சதவீதம் பேருக்கே ஒரு கணக்கை முடக்கவோ அதுகுறித்துப் புகாரளிக்கவோ தெரிந்திருந்தது. நண்பரைப் போல் அணுகும் மோசடியாளர்கள் பெருகியுள்ள சூழலில் இது கவலைக்குரியது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளும் முன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. குழந்தைகளைக் காக்கும் இந்த ஏற்பாடு, ஏற்கெனவே கைபேசி மறுக்கப்படும் பெண்களுக்கு மேலும் ஒரு தடையாகாமல் பார்த்துக்கொள்வது குடும்பங்களின் பொறுப்பாகும்.

இணையவழிப் பண மோசடிக்கு ஆளானோர் 1930 என்ற எண்ணிலும், மன உளைச்சலில் இருப்போர் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும் தொடர்புகொள்ளலாம். தன் துன்பத்தை முதலில் ஒரு நண்பரிடம் கூறுவதே இளையோரின் இயல்பு. அந்த நண்பர் எதிரில் இருந்தாலும் திரைக்கு அப்பால் இருந்தாலும், பொறுமையுடன் கேட்டு, உரிய உதவியை நாடச் செய்வதே நட்பின் பயனாகும்.