மணலைத் தேடும் பிராணி

அடைமழை வாரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. கூடத்தில் ஒரு நெடி. முதல் நாள், ஏதோ அழுகிவிட்டது என்று வெங்காயக் கூடையைக் கொட்டிப் பார்த்தோம். அடுத்த நாள் குளியலறைச் சாக்கடைமேல் பழி விழுந்தது. மூன்றாம் நாள், கள்ளநோட்டுப் பார்க்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஊதா விளக்கு ஒன்றை இரவல் வாங்கிவந்து, சன்னலைச் சாத்தி, அறையை இருட்டாக்கி அடித்தேன். சோபாவின் பின்துணியிலும் அதற்குக் கீழே தரையிலும் வெளிறிய மஞ்சள்பச்சைத் திட்டுகள் பளிச்சிட்டன. எங்கள் வீட்டுப் பூனை கருப்பி பல நாளாக அங்கே போய்வந்துகொண்டிருந்தாள்.

“அஞ்சு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தீங்கல்ல, அந்தக் கோபம்தான். வேணும்னே பண்ணுது” என்றார் மாடிவீட்டு அக்கா. அக்கா சொன்னதில் பாதி சரி. நாங்கள் ஊருக்குப் போனதற்கும் மூத்திரத்துக்கும் தொடர்பு இருந்தது. கோபம் என்பதுதான் தப்பு. கருப்பிக்குச் சோறு வைக்க ஒப்புக்கொண்டவர் அவள் கழிப்பறைத் தொட்டியின் மணலை அள்ள ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து நாள் அழுக்கு சேர்ந்த தொட்டியில் கால் வைக்கப் பிடிக்காமல் அவள் வேறு இடம் பார்த்துக்கொண்டாள். பேருந்து நிலையக் கழிப்பறை வாசல்வரை போய்விட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியவர்களுக்கு இது புரியும்.

பூனை ஏன் மணலைத் தேடுகிறது, அதன் மூத்திரம் ஏன் இப்படி நாறுகிறது என்று கேட்டால் பதில் பாலைவனத்தில் இருக்கிறது. உலகத்து வீட்டுப்பூனைகள் எல்லாமே மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரியும் ஒரு காட்டுப்பூனையின் வழியில் வந்தவை என்று 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் குழிக்கு அருகிலேயே புதைத்திருந்த பூனையின் எலும்புக்கூட்டுக்கு வயது சுமார் 9,500 ஆண்டு. களஞ்சியத்து எலிக்காக மனிதனை அண்டிவந்த இந்தப் பிராணி, தண்ணீர் அரிதான வறள்நிலத்தில் உருவான சிறுநீரகத்தையும் கூடவே கொண்டுவந்தது. மனிதச் சிறுநீரகம் எட்டக்கூடிய உச்சத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பூனையால் மூத்திரத்தைச் செறிவாக்க முடியும். கடல் தண்ணீரைக் குடித்தும் அதனால் சமாளிக்க முடிகிறதா என்று 1950களிலேயே சோதித்துப் பார்த்தார்கள், முடிகிறது. கொஞ்சம் தண்ணீரில் நிறையக் கழிவு. நெடியும் சிறுநீர்க் கல்லும் இதனால் வருபவை. காலுக்குக் கீழே பொலபொலவென்று மண் கிடைத்தால் பறித்து மூடத் தோன்றுவதும் அந்த நிலத்துப் பழக்கம்தான்.

நெடிக்கு இன்னொரு காரணம் உண்டு. பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கந்தகம் சேர்ந்தது. தன்னளவில் அதற்கு வாடை கிடையாது. வெளியே வந்து காற்றுப்பட்டுக் கிடக்கக் கிடக்கச் சிதைந்து, மூக்கைத் துளைக்கும் கந்தகப் பொருள்களாக மாறுகிறது. இன்றைக்குப் பெய்ததைவிட முந்தாநாள் பெய்தது அதிகம் நாறுவது அதனால்தான். இந்த ஃபெலினினை உண்டாக்க உதவும் காக்சின் என்ற புரதத்தைச் சிறுநீரகம் மூத்திரத்தோடு கொட்டுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் மசாவோ மியாசாகியும் கூட்டாளிகளும் 2006-இல் கண்டறிந்தார்கள். நமக்கு மூத்திரத்தில் புரதம் போனால் மருத்துவர் முகம் சுளிப்பார். பூனைக்கு அது இயல்பு. குட்டி மூன்று மாதத்தை நெருங்கும்போதுதான் காக்சின் சுரக்கத் தொடங்குகிறது. அதனால் குட்டி பெய்வது அவ்வளவாக நாறாது. கருத்தடை செய்யாத கடுவனிடம் மற்றப் பூனைகளைவிடப் பல மடங்கு ஃபெலினின். அதுவே அவனுடைய முகவரிச் சீட்டு: இங்கே ஒரு கடுவன் இருக்கிறான், நன்றாகத் தின்கிறான், இந்த நேரத்தில் இந்த வழியாகப் போனான்.

ஆகவே வீட்டில் ஈரத்தைப் பார்த்ததும் துடைப்பதற்கு முன்னால் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுவரிலோ கதவிலோ திரைச்சீலையிலோ ஒரு சாண் உயரத்திலிருந்து வழிந்திருக்கிறதா? கொஞ்சமாகத்தான் இருக்கிறதா? அது பீய்ச்சல். பூனை நின்றபடி, வாலைக் கொடிக்கம்பம்போல் தூக்கி, வால்நுனி துடிக்கப் பின்பக்கமாகப் பீய்ச்சும். அது கழிப்பறைப் பிரச்சினையே அல்ல, தபால். தரையிலோ பாயிலோ மெத்தையிலோ அகலமாகத் தேங்கியிருந்தால் அது குந்தி உட்கார்ந்து பெய்தது. தொட்டி பிடிக்கவில்லை, அல்லது உடம்பு சரியில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வைத்தியம் பார்ப்பவர்கள்தான் பூனை வளர்ப்பே வேண்டாம் என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

பீய்ச்சலுக்கு முதல் மருந்து கருத்தடை. ஐந்தாறு மாதத்தில் செய்துவிடலாம். வளர்ந்தபின் அறுவை செய்த கடுவன்களிலும் பத்தில் சுமார் ஒன்பது பீய்ச்சுவதை விட்டுவிடுகின்றன, அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. பாவம் என்று தள்ளிப்போடுபவர்களைப் பார்க்கிறேன். பழக்கம் ஊறியபிறகு செய்தால் பலன் வரத் தாமதமாகும், அவ்வளவுதான் லாபம். பெட்டையும் பீய்ச்சும், குறிப்பாகக் கடுவனைத் தேடிக் கத்தும் நாட்களில். அறுவை முடிந்த பூனை திடீரென்று மறுபடி தொடங்கினால் சன்னலுக்கு வெளியே பாருங்கள். புதிதாக ஒரு தெருக்கடுவன் மதில்மேல் வந்து உட்கார்ந்திருப்பான். உள்ளே இருப்பது அவனுக்கு எழுதும் பதில்தான் உங்கள் திரைச்சீலையில். அந்தச் சன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டி மறைத்தாலே சில வீடுகளில் கடிதப் போக்குவரத்து நின்றுவிடும்.

உடம்பு சரியில்லாமல் போவது வேறு கதை, அதில் ஒரு பகுதி உயிர்போகும் கதை. ஒரு கடுவன் தொட்டியில் உட்கார்ந்து முக்குகிறான், எழுந்து போகிறான், மறுபடி வந்து முக்குகிறான், கத்துகிறான், குறியை நக்கிக்கொண்டே இருக்கிறான், மணலோ காய்ந்தே கிடக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டும் வீடுகள் உண்டு. பெரும்பாலும் அது மூத்திரக்குழாய் அடைப்பு. ஆண் பூனையின் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. உப்புப் படிகமும் சளியும் சேர்ந்த ஒரு சின்னத் தக்கை போதும் அடைக்க. மூத்திரம் பின்னால் தேங்க, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடலாம். காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அடைப்பில்லாமல் வெறும் எரிச்சலோடு, அடிக்கடி, சொட்டுச் சொட்டாக, சில நேரம் இரத்தம் கலந்து பெய்வதும் உண்டு. சோதித்தால் பாதிக்கு மேற்பட்ட பூனைகளில் கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது. காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் இதைப் பல ஆண்டு ஆராய்ந்து, மனநெருக்கடிக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவைக் காட்டினார். வீடு மாறுவது, விருந்தாளிக் கூட்டம், புது நாய், கூடத்தில் டைல்ஸ் வெட்டும் சத்தம், இவை பூனையின் சிறுநீர்ப்பையில் போய் முடிகின்றன. வலியோடு தொட்டியில் உட்காரும் பூனை, வலிக்குத் தொட்டிதான் காரணம் என்று எண்ணிக்கொள்கிறது. பிறகு மெத்தையைத் தேடுகிறது. மெத்தை வலிக்காது என்ற நம்பிக்கை. அந்த நேரத்தில் அதன் மூக்கை ஈரத்தில் தேய்த்து அடித்தால், மனிதர் பார்க்காத இடத்தில் பெய்ய வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டு சோபாவின் பின்புறம் அப்படித்தான் தேர்வாகியிருக்க வேண்டும். முதல் தடவை நான் கத்தியது நினைவிருக்கிறது.

வயதான பூனை திடீரென்று தொட்டி நிறையப் பெய்தால் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. எந்த வயதிலும் தண்ணீர் உள்ளே போக வேண்டும். எலியின் உடம்பில் எழுபது சதவீதம்போல ஈரம். கடையில் வாங்கும் உலர்தீனியில் பத்து சதவீதம். பாலைவனப் பிராணிக்குத் தாகம் மெதுவாகத்தான் உறைக்கும், குறையைத் தானாக முழுதும் குடித்து ஈடுசெய்யாது. உப்புப் போடாமல் மீன் வேகவைத்த தண்ணீரை ஊற்றிப் பிசைந்து வைத்தால் நக்கி முடித்துவிடும். கருவாடு வேண்டாம், அதில் இருக்கும் உப்பு நமக்கே அதிகம்.

இனி தொட்டி. கொல்லைப்புறம் இருந்த காலத்தில் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. முருங்கையடியில் பறித்து, பெய்து, மூடிவிட்டு வந்துவிடும். அடுக்ககத்தில் தரை முழுக்க வழுவழு. மண்ணை நாம்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். அமெரிக்காவிலும் 1947வரை அடுப்புச் சாம்பலையும் மணலையும்தான் பெட்டியில் கொட்டி வைத்தார்கள். அந்த ஆண்டு மிச்சிகனில் காசோபோலிஸ் என்ற சிற்றூரில், சாம்பல் மிதித்த பூனை வீடெல்லாம் கறுப்புக் கால்தடம் வைக்கிறதே என்று அலுத்துப்போன பக்கத்து வீட்டுப் பெண் எட்வர்ட் லோ என்பவரிடம் மணல் கேட்டார். லோவின் குடும்பத் தொழில் எண்ணெய்க் கறை உறிஞ்சும் பொருள்களை விற்பது. அவர் களிமண் குருணை ஒரு பை கொடுத்தார். அது வேறொன்றும் இல்லை, நம்மூரில் முகத்தில் பூசும் முல்தானி மட்டியின் இனம். பிடித்துப்போய் அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்க, லோ அதைப் பையில் கட்டிக் ‘கிட்டி லிட்டர்’ என்று எழுதிக் கடைக்குக் கொண்டுபோனார். மணல் சும்மா கிடைக்கும்போது 65 சென்ட் கொடுத்து யார் வாங்குவார் என்றார் கடைக்காரர். அப்படியானால் இனாமாகவே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார் லோ. வாங்கிப் போனவர்கள் காசு கொடுக்கத் தயாராகத் திரும்பி வந்தார்கள்.

கட்டிதட்டும் மணல் 1984-இல் வந்தது. அது பென்டோனைட் களிமண். போர்வெல் தோண்டும்போது குழி சரியாமல் இருக்கவும், மின்சார எர்த் குழியை நிரப்பவும் பயன்படுத்துகிறார்களே, அதே சரக்கு. ஈரம் பட்ட இடம் மட்டும் உப்பி உருண்டையாகிவிடும். கரண்டியால் அள்ளிப் போட்டுவிடலாம். ஆனால் கழிப்பறையில் கொட்டாதீர்கள். குழாய்க்குள்ளும் அது அதே வேலையைச் செய்யும்.

எந்த மணல், எத்தனை தொட்டி என்பதில் பூனைக்கு நம்மைவிடத் தெளிவான கருத்து உண்டு. பெரும்பாலான பூனைகளுக்கு நைசான, வாசனை சேர்க்காத மணல் பிடிக்கும். மல்லிகை மணம் நமக்காகப் போட்டது. பூனை எத்தனையோ அதைவிட ஒரு தொட்டி கூடுதல் என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனை அதை ஒன்றாகத்தான் எண்ணும். தொட்டி பூனையின் உடலைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். கடையில் விற்கும் மூடிபோட்ட பெட்டிகளில் பல அதற்குப் போதாது, அழகுக்காகச் செய்தவை. துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப் எவ்வளவோ மேல். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும், ஆடும் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. தினமும் அள்ள வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடித்தால் மற்றவற்றில் சிலதை மறந்தாலும் பூனை மன்னித்துவிடும்.

குட்டிகளுக்கு வேறு கணக்கு. அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் விட்டுப்போகிறார்களே, கண் திறக்காத குட்டிகள், அவற்றுக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. தாய் நக்கினால்தான் வரும். தாய் இல்லையென்றால் ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்ல ஒற்றிவிட வேண்டும், மூன்று வாரம்வரை. நாலாம் வாரத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பொலபொலப்பைக் கண்டதும் காலால் பறிக்கும். அந்தச் சமயத்தில் விளிம்பு தாழ்ந்த ஒரு பழைய தாம்பாளத்தில் சாதாரண மணலோ மரத்தூளோ போட்டுப் பக்கத்திலேயே வைத்து, தூங்கி எழுந்ததும் தின்று முடித்ததும் உள்ளே தூக்கி விட்டால் போதும். கட்டிதட்டும் மணல் கூடாது. குட்டி எதையும் தின்று பார்க்கும். குடலுக்குள் அது உப்பும். பழகும்வரை ஒரே அறையில் வைத்திருங்கள். பெரிய வீட்டில் தொட்டிவரை ஓடிப்போய்ச் சேரும் அளவுக்கு அதன் சிறுநீர்ப்பை பொறுக்காது.

பெய்த இடத்தைச் சுத்தம் செய்வதில்தான் நம் வீடுகளில் பெரிய ஆபத்து இருக்கிறது. நாற்றம் என்றால் நமக்குப் பினாயில்தான். பினாயில் பலவற்றில் ஃபீனால் வகைப் பொருள்கள் உண்டு; பூனையின் கல்லீரலில் அவற்றை முறிக்கும் ஒரு நொதிக்கான மரபணு பழுதாகிக் கிடக்கிறது. மாமிசமே தின்று வந்த பரம்பரைக்குத் தாவர நஞ்சை முறிக்கும் தேவை இல்லாமல் போனதால் இப்படி ஆனது என்பது விளக்கம். தரையில் நடந்து, பாதத்தை நக்கி, பூனை அந்த விஷத்தை உள்ளே கொண்டுபோகும். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடியது என்பதும் இதே குறையால்தான். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். மூத்திரத்து அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சடைக்கும் வாயுவைக் கிளப்பும். பழைய துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றி, நொதி கலந்த சுத்திகரிப்பானை ஊற்றி ஊறவிட வேண்டும். கிடைக்காவிட்டால் நொதி சேர்ந்த சலவைத்தூளைக் கரைத்துப் பயன்படுத்தி, நன்றாக அலசிவிடலாம். அரைகுறையாகக் கழுவினால் நம் மூக்குக்குப் போய்விடும், பூனை மூக்குக்குப் போகாது. பழைய வாடை இருக்கும் இடம் அதற்குப் பழைய கழிப்பறை.

சோபாவின் பின்துணியைக் கிழித்து மாற்றினோம். கருப்பி தேர்ந்தெடுத்த அதே இடத்தில் இன்னொரு தொட்டியை வைத்து, அவள் அதை ஏற்றுக்கொண்டபின் நாளுக்கு ஒரு சாண் வீதம் பால்கனிப் பக்கம் நகர்த்தினேன். மூன்று வாரம் பிடித்தது. இப்போது மூட்டையிலிருந்து புது மணல் கொட்டும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருகிறாள். நான் கையை எடுப்பதற்குள் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறாள்.