உங்களுக்குத் தெரியுமா? மேடைப் பேச்சுக்கு நாடக ஒத்திகை

புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் 1887-ல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி, தமிழிலும் ஆங்கிலத்திலும் பேர்பெற்ற பேச்சாளர். அவர் நாடக நடிகரும்கூட! பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் ‘மனோகரா’ நாடகத்தில் நடித்தவர். வசனத்தை நெட்டுருப் போட்டு, குரலை ஏற்றி இறக்கி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஒத்திகை பார்ப்பது நடிகருக்குக் கட்டாயம். புதிதாகப் பேச வருபவருக்கும் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

மேடையேறக் கூச்சமா? காந்திக்கும் அது இருந்தது. லண்டனில் சைவ உணவுச் சங்கக் கூட்டத்துக்குத் தாம் எழுதிச் சென்றதைக் காந்தியால் வாசிக்க முடியவில்லை, வேறொருவர்தான் வாசித்தார். பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கிலும் நா எழாமல் உட்கார்ந்துவிட்டார்.

முதன்முறை மேடையேறும் மாணவர்களே, பேச்சை மனத்துக்குள் படித்தால் போதாது. எழுந்து நின்று, வாய்விட்டு, வீட்டார் முன்னால் பேசிப் பாருங்கள்.