இலைச்சாறும் உலோகத் துகளும்: நானோ மருந்து பற்றி அறிய வேண்டியவை

துத்தநாக ஆக்சைடு நானோ துகள் தயாரிக்கப் பெரிய தொழிற்கூடம் தேவையில்லை. துத்தநாக அசிடேட் அல்லது நைட்ரேட் கரைசலில் வேம்பு, முருங்கை, கற்றாழை என ஏதாவதொன்றின் சாற்றைச் சேர்த்துச் சூடாக்கினால், சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் உலோக அயனிகளைப் பற்றிக்கொண்டு துகள்கள் பெருத்துவிடாமல் தடுக்கின்றன. அடியில் தங்கும் படிவைக் கழுவி, பெரும்பாலும் 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் சுட்டால், 100 நானோமீட்டருக்கும் குறைவான துகள்கள் கொண்ட வெண்பொடி கிடைக்கும்.

அந்தச் சூட்டில் மூலிகைச் சத்து ஏறக்குறைய முழுதும் எரிந்துபோகிறது. எஞ்சுவது துத்தநாக ஆக்சைடுதான். எனவே ‘பசுமை முறை’ என்ற பெயர் தயாரிப்பில் கடுமையான ரசாயனங்கள் குறைந்ததைச் சொல்கிறதே தவிர, பொடி உடலுக்குள் என்ன செய்யும் என்பதைச் சொல்வதில்லை. கரைந்து வெளிவரும் துத்தநாக அயனிகளும் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பாக்டீரியாவைக் கொல்கின்றன. அளவு கூடினால் மனிதச் செல்லையும் விட்டுவைப்பதில்லை. காயமில்லாத தோலில் பூசினால் துகள்கள் பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். மூச்சோடு உள்ளே போனால் வினை. துத்தநாகப் பூச்சுள்ள இரும்பில் வெல்டிங் செய்பவர்களுக்கு வரும் உலோகப் புகைக் காய்ச்சலுக்குக் காரணம் இதே ஆக்சைடின் புகை. சன்ஸ்கிரீனில் இதன் நானோ வடிவத்தை 25 சதவீதம் வரை அனுமதிக்கும் ஐரோப்பிய ஒன்றியம், நுரையீரலை எட்டக்கூடிய ஸ்பிரேக்களில் அனுமதிப்பதில்லை.

இலையின் சத்து பருவத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும். ஒரு முறை செய்த பொடியைப் போல மறுமுறை அமையாது. மருந்துக்கு இது சிறிய குறையல்ல. இத்தகைய பொடியை மருந்தாக்க முயலும் ஆய்வுகள் பலவும் ஆய்வகத் தட்டோடு நின்றுவிடுகின்றன. தட்டில் புற்றுச்செல் செத்தது என்பதற்காக நோய் தீரும் என்று பொருளாகாது. பிளீச்சிங் பவுடர்கூடத் தட்டில் அதைச் செய்யும். 2009இல் அமெரிக்காவில் முறைப்படி அனுமதி பெற்ற ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடு நானோ மருந்துக்கே, உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமையால் 2015இல் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

இந்தியாவில் இத்தகைய புதிய மருந்தை மனிதரிடம் சோதிக்க, 2019ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கித்தான் சம்மதம் பெற வேண்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும், அது சோதனையால் வந்தது என்றால் இழப்பீடும் அவருக்கு உரியவை.

கடைச் சரக்கு விஷயத்தில், நீரிழிவையும் புற்றுநோயையும் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதை மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற எண்ணிலும், ஏமாற்று விற்பனையை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. பில்லும் தொகுதி எண் அச்சிட்ட உறையும் அதுவரை பத்திரமாக இருக்க வேண்டும்.